தூங்கி எழுந்தால் ஆறாத காயம்

11.7.93 ஞாயிறு

ஒரே ராத்திரியாம். ஆட்டப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். எவ்வளவு அடிபட்டாலும் ஆள் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போன உயிர்ப் புள்ளி எல்லாம் திரும்ப வந்துவிடுமாம். அன்வர் பாய் இங்கிலீஷில் படித்து, தமிழில் சொல்லி, சிரிக்க வேறு சிரித்தார்.

ஏழு வாரம் கழித்து இன்றைக்குத்தான் பூந்தமல்லிக்குப் போனேன். பாயின் ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாத்தியிருக்கும். மிஷினுக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்து நாலு பேர் உட்காருவோம். பாய், அவர் தங்கை நஜ்மா, எங்கள் கம்பெனியில் மிஷின் செட் பண்ணுகிற செட்டர் சம்பத், நான். இரண்டு வருஷமாக இதுதான் எங்கள் ஞாயிறு. பாயின் அண்ணன் அப்துல் கையூம் கப்பலில் வேலை செய்கிறார். ஏதோ கேரம் மாதிரி என்று நினைத்து எந்த ஊரிலோ வாங்கி வந்த பெட்டி அது. திறந்தால் போர்டும் இல்லை, காயும் இல்லை. மூன்று புத்தகமும் இருபது முகம் உள்ள ஒரு பகடையும் இருந்தன. அதைக் கற்றுக்கொள்ளவே பாய்க்கு ஆறு மாசம் ஆனது. அவர் கதை சொல்லுவார், எதிரே குகை இருக்கிறது, பூதம் இருக்கிறது என்று. நாங்கள் ஆளுக்கு ஒரு வேஷம்; வேஷத்தின் பெயர், உயிர்ப் புள்ளி எல்லாம் எழுத ஆளுக்கு ஒரு தாள். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். சம்பத் மலையாண்டி என்ற வாள்காரன். நஜ்மா பச்சிலைக்காரி. நான் மின்னல். வில்லாளி.

இன்றைக்குப் பூதம் மின்னலின் கையில் உலக்கையால் அடித்தது. உயிர்ப் புள்ளி ஒன்றே ஒன்று மிச்சம். எல்லாரும் மரத்தடியில் தூங்கினோம். விடிந்தது.

"கை சரியாப்பூட்ச்சிம்மா, வில்ல எடு" என்றார் பாய்.

வில்லை எடு!

என் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இல்லை. நடு விரல் இல்லை. நாணை இழுக்கிற ரெண்டு விரல். பகடையைத் தூக்கி அடித்தேன். அது ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் போய்விட்டது. "யாருக்கு பாய் சரியாவுது? ஒரு ராத்திரில யாருக்கு சரியாவுது? ஐம்பது ராத்திரி தூங்கிட்டேன் நானு" என்று கத்தினேன். பாவம், பாய் அப்படியே மலைத்துப்போய்விட்டார். அவர் எதையும் நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும்?

சம்பத் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து ஒரு தரம்கூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

12.7.93

அம்மா தலை பின்னிவிட்டாள். இருபத்து நாலு வயசில். ரிப்பனை இறுக்கும்போது பேசாமல் இருந்திருக்கலாம். "வெரலு போனது பத்தாதுன்னு பகடை வேறயா உனுக்கு" என்றாள். எழுந்து போய்விட்டேன், பாதிப் பின்னலோடு.

15.7.93 வியாழன்

ரிஜிஸ்டர் தபால். கம்பெனியிலிருந்து.

மேற்படி தொழிலாளி நாகவல்லி, 19.5.93 அன்று, நாலாம் நம்பர் பவர் பிரஸ்ஸின் பாதுகாப்புப் பட்டனைத் தன்னிச்சையாகக் கட்டிவைத்து வேலை செய்து, தன் அஜாக்கிரதையால் காயமுற்றார். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? ஆகஸ்ட் 13 அன்று விசாரணை.

தன்னிச்சையாக. தன்னிச்சையாகவாம்!

அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற டை, தகட்டை வெட்டுகிற இரும்பு அச்சு, இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை உள்ளே போகாது. அதற்குத்தான் இரண்டு. ஆனால் அப்படிச் செய்தால் டார்கெட் வராது. அதனால் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றால் ஒரு பட்டனை அமுக்கினபடியே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை பீஸ் வைக்க. கட்டுகிறது செட்டர் வேலை. அன்றைக்கும் கட்டியது சம்பத்.

கீழே சாட்சி என்று ஒரு கையெழுத்து. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கீழே ஒரு கோடு போடுவான். மலையாண்டியின் தாளிலும் அதே கோடுதான்.

பேமானி. கசுமாலம். என் ரத்தம் அவன் சட்டையில் பட்டுதே. ஆட்டோவில் என் கையைத் துணியில் சுத்திப் பிடிச்சிக்கினு வந்தவன் அவன்தானே. அந்தக் கையாலயேவா கையெழுத்துப் போட்ட?

இந்த டைரியும் கம்பெனி கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே 'பாதுகாப்பே முதல்' என்று அச்சடித்திருக்கிறது. முன்னூற்று அறுபத்தைந்து தடவை. இன்றைய பக்கத்தில் அதை அடித்துவிட்டேன்.

18.7.93 ஞாயிறு

சம்பத்தை நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். வரவில்லை. ஜகா வாங்கிவிட்டான்.

பாய் பகடையைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். "தங்கச்சி, யோசிச்சேன். இனிமே மின்னலுக்கு அடியே படாது. சட்டம் போட்டுட்டேன்" என்றார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு நல்ல மனசு. எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

"அடி படட்டும் பாய். பட்டா நிக்கணும். அதுக்கு சட்டம் போடுங்க."

"ஆட்டத்துலயும் எதுக்கும்மா அது?"

நஜ்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் எங்கள் கம்பெனி பேக்கிங்கில் இருந்தவள்தான். முதுகுவலி என்று நின்று, இப்போது வீட்டில் தைக்கிறாள். "நாள் பூரா மிஷின்ல குந்திகினு கீறேன் நாகு. இடுப்பு வலி, கழுத்து வலி. வாரத்துல மூணு மணி நேரம்தான் எனுக்கு எதுவும் வலிக்காம கீது. அதுலயும் வந்து மண்ணப் போடாத" என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நான் என் கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? நான் வருகிற இடத்துக்கெல்லாம் இதுவும் வருகிறது. நான் விளையாட வேண்டுமென்றால் இதற்கும் அங்கே இடம் வேண்டும். இல்லையென்றால் நான் அம்பேல்.

பாய் கடைசியில், "நீயே எழுதிக்கினு வா. படிச்சுப் பாக்கறேன்" என்றார்.

21.7.93 புதன்

மெடிக்கல் போர்டு, ஊனம் எவ்வளவு என்று கணக்குப் போட. மூன்று டாக்டர், ஒரு மேஜை. கையைத் திருப்பு என்றார் ஒருவர். மடக்கு என்றார். இல்லாத விரலை எப்படி மடக்குவது என்று கேட்டேன். இருக்கிறதை மடக்கும்மா என்றார். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இருபது சதவீதம்.

யார் சொன்னது என்று கேட்டதற்கு ஒரு லிஸ்ட்டைக் காட்டினார்கள். எல்லாம் அச்சடித்திருக்கிறது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் இருபது. மூன்று போனால் முப்பது. கட்டைவிரல் ஒன்றே போனாலும் முப்பது. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் நாற்பது. எவனோ உட்கார்ந்து யோசித்து இதையெல்லாம் எழுதியிருக்கிறான். தலை பின்னுவதற்கு எத்தனை? சாப்பாடு பிசைவதற்கு? பஸ்ஸில் எதிரில் இருக்கிறவள் கையையே பார்க்கிறாளே, அதற்கு எத்தனை சதவீதம்?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஞாபகம் இருக்கிற வரைக்கும் அந்த லிஸ்ட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

24.7.93 சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டினது போல இருக்கிறது. இருக்கட்டும்.

காயச் சட்டம்.

உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்குப் போனால் ஆள் சாக மாட்டான். செத்துப்போவது சுலபம். டிபன் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பது போகும். விரல், கை, கண், கால், காது.

போனது போனதுதான். தூங்கினாலும் வராது. பச்சிலைக்கும் வராது. மந்திரம் கிந்திரம் எதற்கும் வராது.

எத்தனை சதவீதம் என்று போர்டு லிஸ்ட்டைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பகடையில் விழுகிற எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இருபது சதவீதம் என்றால் இருபது முகத்தில் நாலு. ஒவ்வொரு தடவையும். சாகிற வரைக்கும்.

பாவம் பார்க்கக் கூடாது.

காயம்பட்டவரைக் குழுவை விட்டு அனுப்பக் கூடாது. அவரால் எது முடியுமோ அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

(இதை எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அதுதானே வேண்டும்? பிரஸ் வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து பீஸ் பார்க்கிற வேலை போதும். அதற்கு இரண்டு கண் இருக்கிறது எனக்கு.)

கடைசிச் சட்டம். யாரால் பட்டது என்று தாளில் எழுத வேண்டும். பூதம் என்று எழுதினால் போதாது. பூதத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது யார்? அந்த ஆள், தன் கையால், தன் பெயரைக் காயம்பட்டவர் தாளில் எழுத வேண்டும். வேஷத்தின் பெயர் இல்லை. சொந்தப் பெயர்.

25.7.93 ஞாயிறு

கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

இன்றைக்கு சம்பத் வந்தான். நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பாய் என் சட்டத்தை மூன்று பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நஜ்மா படித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள், ஆனால் ஒத்துக்கொண்டாள். சம்பத் கடைசிச் சட்டத்தில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு தலையை ஆட்டினான்.

ஆட்டம் நன்றாகவே போனது. அதுதான் கொடுமை. கோட்டை வாசல். மேலிருந்து இறங்குகிற இரும்புக் கதவு. இரண்டு பக்கமும் இரண்டு சங்கிலி. இரண்டு பேர் இரண்டு சங்கிலியையும் இழுத்துப் பிடித்தால்தான் கதவு மேலே நிற்கும் என்றார் பாய். அவர் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார், வேறு நினைப்பே இல்லை அவருக்கு. சம்பத்தும் யோசிக்காமல்தான் சொன்னான்.

"ரெண்டு பேரு எதுக்கு பாய்? ஒரு சங்கிலிய ஆணில மாட்டிக் கட்டிட்டா ஒரு ஆளே போதும். வேகமா போய்க்கினே இருக்கலாம்."

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. எத்தனை வருஷம் கட்டியிருந்தால் அப்படி வாயில் வரும்! பகடையை உருட்டினான். மூன்று. ஆணி பிடுங்கிக்கொண்டது, கதவு இறங்கியது. அடியில் பச்சிலைக்காரி. உயிர்ப் புள்ளி பூஜ்யம்.

நஜ்மா சீட்டு எடுத்தாள். 'கை'.

லிஸ்ட்டில் பார்த்தால் அறுபது சதவீதம். நஜ்மா அழுதுவிட்டாள், நிஜமாகவே. பாய் ஒன்றும் சொல்லாமல் அவள் தாளை சம்பத் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தார்.

அவன் பேனாவைத் தொடவில்லை. "ஆட்டத்துக்கு எதுக்கு என் பேரு?" என்றான்.

"சட்டம் ஒத்துக்கினியே" என்றேன். ஒன்பது வாரத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசின முதல் வார்த்தை.

"எழுத மாட்டேன்."

"கம்பெனி பேப்பர்ல மட்டும் எழுதுவ. பொய்க்கு மட்டும் கையெழுத்து வரும் உனுக்கு, இல்ல?"

எழுந்து போய்விட்டான். செருப்பைக்கூட சரியாகப் போடவில்லை.

நான் கெலித்துவிட்டேன் என்று நினைத்தேன். நஜ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உன் கோவத்த எடுத்து என் கை மேல எறக்கிட்ட நாகு. அவனப் புடிக்கறதுக்கு நான்தான் கெடச்சனா?" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நூறு பதில் வந்தது. எதுவும் சரியாக இல்லை.

28.7.93 புதன்

அண்ணனூர் ஸ்டேஷனில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றேன். ஷிப்ட் முடிந்து அவன் வருகிற வண்டி. இறங்கினவன் என்னைப் பார்த்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்தான். பெயர் சொல்லிக் கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நின்றான்.

"டபாய்க்காத சம்பத்து. ஒரே ஒரு கேள்வி. கட்டுனது யாரு?"

"நான்தான். துலுக்கானம் கட்டச் சொன்னாரு, கட்டனேன்." துலுக்கானம் எங்கள் சூப்பர்வைசர். "எழுதிக் குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போடு, இல்லன்னா நாளைலேர்ந்து வராதன்னாரு. எங்கம்மா, தங்கச்சி எல்லாம் என்ன நம்பிக்கினு கீதுங்க. நான் இன்னா பண்றது சொல்லு?"

"நான் இன்னா பண்றது? அத நெனச்சியா?"

அப்போது கேட்டான். மெதுவாகத்தான். "கட்டிக்குடுடா, கட்டிக்குடுடான்னு என் பின்னாடியே நின்னது யாரு நாகு?"

வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஆள் எல்லாம் போய்விட்டார்கள். நானும் திரும்பி நடந்தேன்.

இங்கே எழுதிவிடுகிறேன். வேறு எங்கே எழுதுவேன்? மார்ச்சில் கம்பெனி டார்கெட் போர்டில் என் பெயர் முதலில் இருந்தது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு பீஸ். ஆம்பளைகளைவிட அதிகம். அந்தப் பெயரை அங்கேயே வைத்திருக்க ஆசைப்பட்டேன். கட்டாமல் விட்டால் ஆயிரம்கூடத் தாண்டாது. கட்டிக்கொடு என்று நான் கேட்டது உண்டு. ஒரு தடவை இல்லை, தினமும்.

அதனால் அவன் பொய் சொல்லலாமா? கூடாது. ஆனால் நான் மட்டும் இதுவரை முழுசாகச் சொன்னேனா? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் இருக்கிறதே, அது இன்னும் மோசம்.

1.8.93 ஞாயிறு

போகவில்லை.

3.8.93 செவ்வாய்

நஜ்மா மண்ணூர்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தாள். இரண்டு பஸ் மாறி, அந்த முதுகோடு. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து பச்சிலைக்காரியின் தாளை எடுத்தாள். அதைக் கிழித்துப் போட்டிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"யோசிச்சிப் பாத்துட்டேன். ஒரு கையால எல அரைக்க முடியாது. அம்மிய அழுத்திப் புடிக்கணும். அதுனால நீ அரைக்கற, நான் மருந்து போடறேன். மின்னலுக்கு வில்லு இழுக்க வரலன்னா நான் பக்கத்துல நின்னு இழுக்கறேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு வருது" என்றாள்.

"பாவம் பாக்கக் கூடாதுன்னு சட்டம் கீது" என்றேன்.

"போடி. பாவம் பாத்தா ரெண்டு பஸ்ஸு மாறி வருவாங்களா?"

சிரித்துவிட்டேன். மே மாசத்துக்குப் பிறகு முதல் தடவை. அப்புறம் ஸ்டேஷனில் நடந்ததைச் சொன்னேன். கட்டிக்கொடு என்று கேட்டதையும் சொன்னேன். அடுப்பங்கரையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுவிட்டாள். கேட்கட்டும்.

நஜ்மா தாளைத் திருப்பி வைத்தாள். "அப்ப உன் சட்டம் தப்பு நாகு. ஒரே ஒரு பேருதான் எழுத எடம் வுட்டுக்கீற. யாரு யாரால பட்டுச்சோ அத்தினி பேரும் எழுதணும். பட்டவளோட சேத்து."

கோபம் வந்தது. உடனே, நேராக மூக்குக்கு மேல் வந்தது. பட்டவளும் எழுத வேண்டுமா? அவள்தானே இழந்தாள்? ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவள் போன பிறகு சட்டத்தைத் திருத்தினேன்.

8.8.93 ஞாயிறு

சம்பத் வரவில்லை. மூன்று பேர்தான்.

மின்னலின் தாளில், யாரும் சீட்டு எடுக்கச் சொல்லாமலே, நானே எழுதினேன். காயம்: வலது கை, இரண்டு விரல். இருபது சதவீதம். யாரால்: நாகவல்லி. அதற்குக் கீழே இரண்டு கோடு காலியாக விட்டு, பக்கத்தில் சிறியதாகக் குறித்து வைத்தேன், ஒன்று சம்பத்துக்கு, ஒன்று துலுக்கானத்துக்கு என்று. அவர்கள் பெயரை நான் எழுத முடியாது. அவரவர்தான் எழுத வேண்டும்.

பாய் படித்தார். எல்லாத் தாளையும் பெட்டியில் வைத்து மூடினார். "அவன் வந்தா காட்டறேன்" என்றார்.

13.8.93 வெள்ளி

விசாரணை. மாடி ஆபீஸ். வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்தான் விசாரணை அதிகாரியாம். துலுக்கானம் புதுச் சட்டை போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். யார் கட்டச் சொன்னது, யார் கட்டியது. கட்டிக்கொடு என்று நானும் கேட்டேன் என்பதையும் சொன்னேன். வக்கீலின் முகம் மலர்ந்தது. "தொழிலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று டைப் அடிக்கிறவரிடம் சொன்னார்.

"சார், முழுசா அடிங்க. கட்டச் சொன்னவரு பேரு எங்க?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

சம்பத்தைக் கூப்பிட்டார்கள். அவனைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டாம். கேட்டேன். "அந்த ட்யூப் துண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். துலுக்கானம் அவனைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது சார். நான் அப்ப அந்தாண்ட இருந்தேன்" என்றான்.

அந்தாண்ட இருந்தானாம். என் விரலை டைக்குள்ளிருந்து எடுத்தவன்! அந்தாண்ட இருந்தானாம்!

அடுத்த விசாரணை 27ஆம் தேதி. அன்றோடு முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். தட்டை எறிந்தேன், இடது கையால். குறி தப்பி அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அம்மா எடுத்து வைத்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்டீ" என்றாள். எதைச் சொன்னாள்? சம்பத்தைத் திட்டினதையா, நானும் கேட்டேன் என்று சொன்னதையா? நான் கேட்கவில்லை.

14.8.93

உண்மையைச் சொன்னவள் முட்டாள். எழுதி வைத்துக்கொள் நாகு.

22.8.93 ஞாயிறு

ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஷட்டரைத் தட்டினார்கள். சம்பத். பத்து நாளில் ஆள் இளைத்துவிட்டான். உள்ளே வந்து நின்றுகொண்டே இருந்தான். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்வதாக இல்லை.

பாய் பெட்டியைத் திறந்து மின்னலின் தாளை எடுத்து நீட்டினார். அவன் படித்தான். என் கோழிக் கிண்டலைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். முதலில் என் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"உன் பேர எதுக்கு எழுதிக்கீற?"

"கேட்டது நான்தான?"

அவன் உட்கார்ந்தான். பேனாவை எடுத்து, முதலில் நஜ்மாவின் தாளில் எழுதினான். சம்பத். வாலை இழுத்துக் கோடு போட்டான். அப்புறம் என் தாளை இழுத்து, காலியாக விட்ட முதல் கோட்டில் எழுதினான். பேனாவை மூடி வைத்தான். ஆடவில்லை. போய்விட்டான்.

ஆட்டத் தாளில் எழுதி என்ன புண்ணியம்? அதை வக்கீல் மேஜையில் எழுதடா. அவன் தெருமுனை திரும்பின பிறகுதான் இது என் வாயில் வந்தது. ஆனால் ஓடிப்போய்ச் சொல்லவில்லை.

27.8.93 வெள்ளி

சொல்லிவிட்டான்.

வக்கீல் பழைய வாக்குமூலத்தைப் படித்து, இது சரிதானே என்று சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார். "இல்ல சார்" என்றான். "நான்தான் கட்டனேன். துலுக்கானம் சார் சொல்லித்தான் கட்டனேன். பதினோரு பிரஸ்ஸுக்கும் ட்யூபு வெட்டி ஸ்டோர்ல பெட்டில வச்சிக்கீது. இப்பவே போய்ப் பாருங்க. இந்தப் பொண்ணு தன்னிச்சையா ஒண்ணும் பண்ணல."

துலுக்கானம் எழுந்து கத்தினார். வக்கீல் டைப் அடிக்கிறவரை நிறுத்தச் சொன்னார். நான் விடவில்லை. "அடிங்க சார். அடிக்காம நான் இங்கேர்ந்து எழுந்திரிக்க மாட்டேன்." யூனியன்காரர் ஒருவரும் கூட வந்திருந்தார். அவரும் சத்தம் போட்டார். அடித்தார்கள்.

படியில் இறங்கும்போது அவனிடம் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "இதச் சொல்ல மூணு மாசமாடா உனுக்கு?" என்றுதான் வந்தது.

6.9.93

சம்பத்தை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். முன்னுக்குப் பின் முரணாக வாக்குமூலம் கொடுத்தானாம், பாதுகாப்பு விதியை மீறினானாம்.

துலுக்கானம் வேறு யூனிட்டுக்கு மாற்றல். அங்கேயும் சூப்பர்வைசர்தான்.

20.9.93 திங்கள்

இன்ஸ்பெக்‌ஷனில் முதல் நாள். என் மேலிருந்த நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார ஸ்டூல், மேலே ட்யூப் லைட், முன்னால் பீஸ் குவியல். பிசிறு இருந்தால் இடது பக்கம், நல்லது வலது பக்கம். காலையில் மெதுவாகத்தான் வந்தது. மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டது. அவ்வளவாக எவளும் என் கையைப் பார்க்கவில்லை. பார்த்தவளை நான் பதிலுக்குப் பார்த்தேன்.

24.10.93 ஞாயிறு

நேற்று ஆயுத பூஜை. நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, சாமி என்றாலும் சரி. கிட்டே போய்ப் பட்டனைப் பார்த்தேன். இரண்டும் சும்மா இருந்தன. ட்யூப் இல்லை. பூஜைக்காகக் கழற்றி வைத்தார்களோ என்று ஒரு சந்தேகம். திங்கட்கிழமை போய் மறுபடி பார்க்க வேண்டும். தினமும் பார்ப்பேன். எவனாவது கட்டினால் அவன் தாடையைப் பேர்ப்பேன்.

இன்றைக்கு பூந்தமல்லி. பொரியும் கடலையும் கொண்டுபோனேன். சம்பத் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். திருமழிசையில் ஒரு சின்ன யூனிட்டில் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறான். செட்டராக இருந்தவன், இப்போது இரும்புத் தகடு தூக்குகிறான். உள்ளங்கை எல்லாம் கீறல். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவனும் பெரிதாகச் சொல்லவில்லை.

பாய் பெட்டியைத் திறந்து தாள்களைக் கொடுத்தார். மலையாண்டியின் தாள் என் பக்கம் வந்தது. அதில் காயம் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. இத்தனை சண்டையில் மலையாண்டி ஒரு தடவைகூடச் சீட்டு எடுத்ததில்லை.

பேனாவை எடுத்தேன். காயம்: செட்டர் வேலை. யாரால்: சம்பத். அவன் பெயரை நான் எழுதக் கூடாது, அதனால் அதை அடித்துவிட்டேன். அதற்குக் கீழே எழுதினேன். நாகவல்லி.

சதவீதம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. போர்டு லிஸ்ட்டில் இது இல்லை. அப்படியே விட்டு அவனிடம் தள்ளினேன்.

சம்பத் ரொம்ப நேரம் பார்த்தான். நஜ்மா பொரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது பாவமாகச் சொன்னால் இவனை அடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்து இப்ப நல்லா கீது நாகு" என்றான்.